ஆடுவாள், விழமாட்டாள்

யார் சொன்னது அவளுக்கு மனசு பலவீனம் என்று? ஊதினால் விழுந்துவிடுவாளாம்! எதிர்வீட்டுக்காரி வாய்க்கு வந்ததைச் சொல்வாள். கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று? கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாரத்தின் மேல் நின்று மாடி மாடியாய்ச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவள் அவள். ஒரு நாளாவது கால் இடறியதுண்டா?

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருக்கோடி மண்டபத்தில் மனோவசியக்காரர் ஒருவர் எல்லோரையும் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, "சாயறீங்க... சாயறீங்க..." என்றார். மற்றவர்கள் விறைத்து நின்றார்கள். இவள் மட்டும் கொடியில் போட்ட துணி மாதிரி முன்னும் பின்னும் ஆடினாள்.

"இவங்க மனசு சீக்கிரம் வசப்படும். கண்ணை மூடினா கூடுதலா ஆடுவாங்க. ஆனா ஆடினாலும் விழ மாட்டாங்க" என்றார் அவர். கடைசிப் பேச்சை எதிர்வீட்டுக்காரி வசதியாக விட்டுவிட, மீதி அவள் வேலை பார்க்கும் இடத்து மேஸ்திரி காது வரை போய்ச் சேர்ந்தது.

மேஸ்திரி நல்லவர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவள் சாரத்தில் இருக்கும்போது 'சாய்' என்ற சொல்லையே யாரும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஏணியைச் சாய்க்க வேண்டி வந்தது.

"யோவ், ஏணியை அது பண்ணுய்யா!"

"எதுண்ணே?"

"அதான்யா, அது!"

ஏணி தடாலென்று பெயின்ட் வாளி மேல் விழுந்தது. பழி மட்டும் இவள் தலையில்.

"நீ இனி மேலே ஏறாதே தங்கச்சி. கீழே நின்னு பெயின்ட் கலக்கு."

அவள் விடவில்லை. இரண்டு செங்கல் மேல் ஒரு பலகையைப் போட்டு ஏறிக் கண்ணை மூடினாள்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, தைரியமா."

"சா... சாய்!"

ஆடினாள். பாரம் குதிகாலிலிருந்து விரலுக்குப் போய், விரலிலிருந்து குதிகாலுக்குத் திரும்பியது. பாதம் பலகையை விட்டு அசையவில்லை.

"பாத்தியா, ஆடுறே!"

"ஆடினேன். விழுந்தேனா?"

மேஸ்திரி மசியவில்லை. வீட்டுக்கு வந்தால் கணவனும் அதே பாட்டு. "ஊர் வாயை மூட முடியுமா? பேசாம வீட்டோட இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் எழும்பும் கட்டடத்தில் போய் வேலை கேட்டாள், கிடைத்தது. மறுநாள் காலையில் தலையில் துணியைக் கட்டி, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"போகாதேன்னு சொல்றேன்ல! காதுல விழுதா இல்லையா?" என்றான் கணவன்.

"நல்லா விழுந்துச்சுங்க. நான்தான் விழ மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.