பேருந்தில் உரக்கச் சொன்ன பாஸ்வேர்டு

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. நாங்கள் எழுதும் புதிய நிரல்களைப் பண்ணைகளின் கணினிகளுக்கு அனுப்பி நிறுவுவதற்கென்றே தனியாக ஒரு கருவி உண்டு. அதுவும் ஒரு மென்பொருள்தான். அதைக் கவனித்துக்கொள்பவர்கள் இரண்டு பேர்: திருச்செங்கோட்டிலிருந்து வரும் ஒரு பெண், அப்புறம் நான். வேலையை அவர் செய்வார். பாதுகாப்பு விதிகளை நான் எழுதுவேன்.

அன்று காலை சேலத்திலிருந்து பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ராசிபுரம் தாண்டியதும் அவர் அழைத்தார்.

"அண்ணா, நம்ம டூல்ல பெரிய ஓட்டை இருக்குதாமுங்க. தயாரிச்சவங்களே அறிவிச்சிருக்காங்க. பாஸ்வேர்டே இல்லாம யாரு வேணும்னாலும் உள்ள வந்துரலாமாம்."

அந்தக் கருவிக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், எங்கள் பெயரிலேயே எல்லாப் பண்ணைக் கணினிகளிலும் நினைத்ததை நிறுவிவிடலாம். பேருந்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் நானும் அலறினேன்.

"உடனே நிறுத்தும்மா. கதவில்லாத ஊடு மாதிரி கெடக்குது. இந்நேரம் திருடன் உள்ள பூந்திருப்பான்."

நடத்துனர் பதறி என் பக்கம் வந்தார். "ஏனுங்க, ஊட்டுல யாருமில்லீங்களா? பக்கத்து ஊட்டுக்குப் போன் போடுங்க."

"ஊடு இல்லீங்க, கம்ப்யூட்டருங்க" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. இருந்தாலும் நல்ல மனிதர். நான் நிம்மதியாகப் பேசட்டும் என்று பாட்டை நிறுத்தச் சொன்னார். பேருந்து அமைதியானது.

"டூலை நிறுத்திட்டு, ஓட்டையை அடைச்ச புது வெர்ஷனைப் போட்டர்றேனுங்க" என்றார் அவர். "ஆனா சர்வருக்குள்ள போகோணும். அந்த பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டுந்தானுங்களே இருக்குது."

உண்மைதான். ரகசியம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது நான் எழுதிய முதல் விதி. பாஸ்வேர்டை மெசேஜில் அனுப்பவே கூடாது என்பது இரண்டாவது விதி. இத்தனை பெரிய ஆபத்திலும் என் விதியை மீற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வாயால் சொன்னேன்.

"ஜேடர்பாளையம். இங்கிலீஷ்ல. மொத எழுத்து மட்டும் பெருசு. அப்பறம் ஒன்னு ரெண்டு மூனு."

அங்கே தடுப்பணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிட்ட மறுநாள் வைத்த பாஸ்வேர்டு அது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமைப்பட்டிருந்தேன்.

"உள்ள போக மாட்டேங்குதுங்ண்ணா. பாளையத்துக்கு நடுவுல ஒய் போடோணுங்களா, ஐ போடோணுங்களா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யோசித்துக்கொண்டிருந்தபோது, போர்வெல் போடும் ரிக் வண்டியின் உதிரிப் பாகத்தை மடியில் வைத்திருந்த பக்கத்து இருக்கைக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"எங்கூருதானுங்க அது. போர்டுல ஒய்தான் போட்டிருக்கும்."

ஒய் போட்டதும் திறந்துகொண்டது. முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பி, "கெடைச்சுருச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பேருந்தில் பாதிப் பேருக்கு நிம்மதி. எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது.

நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது புது வெர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்குள் யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவுகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாக யாரும் நுழைந்திருக்கவில்லை. என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "பாஸ்வேர்டை இப்பவே மாத்திரலாமா?" என்றேன்.

"அப்பவே மாத்திட்டனுங்ண்ணா. பஸ்ஸுல யாரோ 'எங்கூரு'ன்னு சொன்னது எனக்கும் கேட்டுதுங்க."

புது பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். அதைப் பூட்டிவைக்க ஒரு செயலி இருப்பதாகவும், எப்படித் திறப்பதென்று மத்தியானம் சொல்லித் தருவதாகவும் சொன்னார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்து, யாராவது உள்ளே வந்தார்களா என்று விசாரித்தார்.

"வெளியாளுக யாரும் வரலீங்க சார்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

முதலாளி மேற்கொண்டு ஏதும் கேட்பதற்குள் நான் எல்லாருக்கும் டீ வாங்கக் கிளம்பிவிட்டேன்.