தைசியா மடித்த இரண்டு பாராசூட்டுகள்

தைசியா யெகோரவ்னாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அதைவிட நீளம். அதனால்தான் எங்கள் விமானத்தளத்துப் பாராசூட் அறையில், ஒரே மேசையில் பத்தொன்பது வருஷம் ஓட்ட முடிந்தது.

சுகோய் போர் விமானத்தில், ஆபத்து வந்தால் விமானியை வெளியே வீசும் இருக்கையை உலகமே மெச்சும். தரையில் நிற்கும்போது கைப்பிடியை இழுத்தால்கூட, ராக்கெட் விமானியை இருக்கையோடு மேலே தூக்கிக்கொண்டு போகும். பாராசூட் பத்திரமாக இறக்கிவிடும். அந்தப் பாராசூட்டை மடிப்பவள் தைசியா. அதுவரை அவள் மடித்தது ஒன்றுகூட வானத்தில் விரிய வேண்டி வந்ததில்லை. பிழைத்து வரும் விமானி, மடித்தவளுக்குக் கேக்கும் பிராந்தியும் கொண்டுவந்து கையில் முத்தமிடுவது எங்கள் வழக்கம்.

"உனக்குக் கேக் குடுத்து வைக்கலடி" என்று சீண்டுவேன்.

"வேண்டவே வேண்டாம். இருக்கற உடம்பு போதும்" என்பாள்.

மார்ச் மாதம் ஒரு காலையில், இரட்டை இருக்கை விமானம் ஒன்று ஆமூர் ஆற்றுக்கு அப்பால் விழுந்தது. முன்னிருக்கையில் இருந்து ஓட்டியவர் கேப்டன் வெத்ரோவ். பின்னிருக்கையில் மேஜர் கரேலின். மேஜர் பிழைத்தார். வெத்ரோவின் பாராசூட் பாதி விரிந்தபடி பனியில் கிடந்தது. இரண்டையும் ஒரே நாளில் மடித்து ஏட்டில் கையெழுத்துப் போட்டவள் தைசியா.

விசாரணைக் குழு அவள் ஏட்டை எடுத்துக்கொண்டு போனது. பன்னிரண்டு நாள், சூப்பு ஆறிப்போக, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கைதாண்டி அவரக் கொன்னிருக்கும்."

"வாயக் கழுவு!" என்று கத்தினேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது. மடிப்பில் பிழையில்லை. அந்த விமானத்தில் யார் கைப்பிடியை இழுத்தாலும் இருவருமே வெளியே போவார்கள். ஆனால் பின்னிருக்கைதான் முதலில். முன்னிருப்பவர் முந்தினால், அவருடைய ராக்கெட் நெருப்பு பின்னிருப்பவரைப் பொசுக்கிவிடும். அதற்காக இரண்டுக்கும் நடுவே வைத்த அரை வினாடி இடைவெளிக்குள் விமானம் தலைகீழாகப் புரண்டுவிட்டது. வெத்ரோவின் இருக்கை தரையை நோக்கிப் பாய்ந்தது. பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

தைசியா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் செத்தவரை நினைத்து வெட்கப்பட்டாள்.

அன்று மதியமே மேஜர் வந்தார். கழுத்தில் பட்டை, கையில் கேக் பெட்டி. அவள் கையில் முத்தமிட்டார். ஆனால் போகவில்லை.

"தைசியா யெகோரவ்னா, கைப்பிடிய இழுத்தது நான். 'பொறு, பொறு, நிமித்திடறேன்'னு வெத்ரோவ் கத்தினான். நான் பொறுக்கல."

அவள் கேக் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அவனோட மடிப்புல ஏதாச்சும் பிசகு இருந்துச்சா? குழு கிடக்குது, விடுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. கொஞ்சமாச்சும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. பன்னிரண்டு நாளாக இவள் எதற்குப் பயந்து செத்தாளோ, அது நிஜமாக இருக்கக் கூடாதா என்று அந்த மனிதர் ஏங்கி நின்றார்.

"இல்ல மேஜர். ரெண்டையும் ஒரே மாதிரிதான் மடிச்சேன்" என்றாள் தைசியா.

அவர் தலையாட்டினார். தொப்பியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

தைசியா அந்தத் தொப்பியைக் கையில் எடுத்து, "ஒரு பொய் சொல்லியிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கித் தூங்கியிருப்பாருடி" என்றாள்.

"அப்புறம் நீ மடிச்சத நம்பி எவன் மேல போவான்?"

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றாள். "என் நல்ல பேரத்தான் நெனச்சேன். அவர நெனக்கலையேடி." மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.