எட்டு விநாடி

கிளெனிஸ் டாட்டர்சாலைப் பிடிவாதக்காரி என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல கால்டர் தெருவில் யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லோரும் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டியவள். தொழிற்சாலையை மூடியபோது கையில் கிடைத்த பணத்தைப் போட்டு, அந்த ஊரிலேயே ஓட்டமில்லாத பப்பான வீவர்ஸ் ஆர்ம்ஸைக் குத்தகைக்கு எடுத்தாள். "உனக்குப் புத்தி பிசகிடுச்சு" என்றான் புருஷன் ராய். சொன்னவன் ஒரே ஒரு குளிர்காலம் கூட இருந்து பார்த்துவிட்டு, வெயில் வேண்டும் என்று ஸ்பெயினுக்குப் போனான். தனியாகவும் போகவில்லை. கிளெனிஸ் மறுநாள் காலை பதினொரு மணிக்கு வழக்கம்போலக் கதவைத் திறந்தாள்.

பப்புக்கு இரண்டு தெரு தள்ளித்தான் மைதானம். ஊர்க் கால்பந்து அணி முதல் பிரிவுக்கு ஏறிய வருஷமே டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. ஐம்பது வருஷம் மழையில் நின்று கத்தியவர்கள் வாசலோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வில்ஃப். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை டிவியிலாவது பார்க்கலாம் என்றால், அந்த நேரத்து ஆட்டத்தை இங்கிலாந்தில் யாரும் நேரலையாகக் காட்டக் கூடாது. காட்டினால் மைதானம் காலியாகிவிடுமாம். கிரேக்க நாட்டில் மட்டும் தாராளமாகக் காட்டுவார்கள். நல்ல நியாயம்!

கிளெனிஸ் கிரேக்கச் சந்தா அட்டை ஒன்றை முறையாகப் பணம் கட்டி வாங்கி, கூரையில் ஒரு டிஷ்ஷைத் திருப்பி வைத்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிரேக்க மொழியில் வர்ணனை செய்தவனுக்கு இவர்களே ஸ்பைரோ என்று பெயர் வைத்தார்கள். "இன்னிக்கு ஸ்பைரோவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று வில்ஃப் கவலைப்படுவார். ஒரே ஒரு வேடிக்கை. படம் கிரேக்கம் வரை போய்த் திரும்பி வருவதால் எட்டு விநாடி பிந்தும். மைதானத்து இரைச்சலோ ஜன்னல் வழியாக உடனே வந்துவிடும். அது கேட்டதும் பப் முழுவதும் கப்சிப் என்றாகி டிவியையே பார்க்கும். எட்டாவது விநாடியில் பந்து வலைக்குள் போகும். அப்போதுதான் கத்துவார்கள். முன்னால் கத்தியவன் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கித் தர வேண்டும்.

எதிர்த் தெருவில் பப் நடத்திய கிளைவ் ஒருநாள் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை நீட்டினான். பீர் கிளாஸ் படம். உள்நாட்டுப் பப் சந்தா என்றால் திரையின் மூலையில் அந்தக் கிளாஸ் தெரியும். டிவி கம்பெனியிலிருந்து வேவு பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

"டிவி மேல ஒட்டிடு. எவனுக்கும் தெரியாது. நான் ஒட்டிட்டேன்."

"எதுக்கு ஒட்டணும்? நான் என்ன திருடினேனா? பணம் கட்டி வாங்கினது கிளைவ், ரசீது இருக்கு."

"அதெல்லாம் சரி. மாட்டினா வீடும் போயிடும் உனக்கு."

அது உண்மைதான். மாடியில்தான் அவள் குடியிருந்தாள். பப்பும் மாடியும் மதுபானக் கம்பெனியின் கட்டடம். குத்தகை அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்டோபரில் புது ஆள் ஒருவன் வந்தான். அரை கிளாஸ் பீரை ஒரு மணி நேரமாக நக்கிக்கொண்டிருந்தான். ஜன்னலில் இரைச்சல் கேட்டபோது அவன் திரும்பவில்லை. பந்து வலைக்குள் போனபோதும் அசையவில்லை. அவன் கண் திரையின் கீழ் மூலையிலேயே இருந்தது. கிளெனிஸ் மேஜையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனாள்.

"கண்ணு, ஆட்டம் நடுவுல நடக்குது. மூலையில ஒண்ணும் இல்ல."

அவன் முகம் சிவந்தது.

"எழுதணும்னா எழுதிக்கோ. கிளெனிஸ் டாட்டர்சால். மாடியிலதான் இருக்கேன். ரசீது வேணுமா, கொண்டு வரவா?"

வழக்கு வந்தது. அவளுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மதுபானக் கம்பெனியில் குத்தகைகளைப் பார்க்கும் அதிகாரி பெவரிட்ஜ் ஓடி வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு போய்விடும் என்று கெஞ்சினார். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"திரையில் கிளாஸ் அடையாளம் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கோர்ட்டில் வக்கீல் கேட்டார்.

"நல்லாத் தெரியும் ஐயா. ஒட்டிக்கிறதுக்கு ஒண்ணு சும்மாவே கிடைச்சுது. திருடியா இருந்தா ஒட்டியிருப்பேன்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. சிரிப்பால் என்ன பயன்? குற்றவாளி என்று தீர்ப்பானது. அட்டையும் அதைச் செருகும் டிஷ் பெட்டியும் பறிமுதலாயின. மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் அவகாசம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டிவி கறுத்துக் கிடந்தது. எவனும் வரமாட்டான் என்று நினைத்தாள். இரண்டரை மணிக்கெல்லாம் எல்லோரும் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வில்ஃப் கோட்டைக் கழற்றாமலே, "ஜன்னலைத் தொற பொண்ணே, எல்லாத்தையும்" என்றார். நவம்பர்க் குளிர் உள்ளே வந்து உட்கார்ந்தது.

மூன்றேகால் மணிக்குப் பெவரிட்ஜ் வந்தார். ஒரு காகிதத்தைக் கவுண்டரில் விரித்தார்.

"கம்பெனிக்கு இனிமே கோர்ட் வம்பு வேணாமாம். மேல்முறையீடு இல்லன்னு ஒரு கையெழுத்து போட்டா, அஞ்சு வருஷக் குத்தகை, மாடியும் சேர்த்து. இல்லன்னா டிசம்பரோட காலி பண்ணணும். என் கையில எதுவும் இல்லம்மா."

கிளெனிஸ் படித்தாள். ஐந்து வருஷம். அந்த மாடி, அந்த அடுப்பு, அந்தப் படுக்கை. பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போது இரைச்சல் வந்தது. இரண்டு தெரு தாண்டி, கூரைகள் மேலாக, ஊரே கத்துகிற இரைச்சல். ஊர் அணி கோல் போட்டுவிட்டது.

பப்பில் ஒருவரும் கத்தவில்லை. முப்பது தலைகளும் கறுத்த டிவிப் பக்கம் திரும்பின. பெவரிட்ஜ் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தார். கிளெனிஸும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவது விநாடியில் முப்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கிளாஸ்கள் கவிழ்ந்தன. வில்ஃப் கைத்தடியை உயர்த்தி, இல்லாத ஸ்பைரோவைப் பார்த்து ஆட்டினார்.

"யாரு போட்டது?" என்று கேட்டார் பெவரிட்ஜ்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் கிளெனிஸ். அவள் கண் கலங்கியிருந்தது. காகிதத்தை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள். பேனாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். மேல்முறையீட்டுப் படிவம் கவுண்டருக்குக் கீழே இருந்தது.

"போறப்போ கதவைச் சாத்திடாதீங்க கண்ணு. ஆட்டம் இன்னும் முடியல."