கால் படக் கூடாதவர்

அந்த வெளிநாட்டுக் கால்பந்துக் கிளப்பின் பயிற்சியாளர் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அறுபதை நெருங்கிய அம்மாள். நரைத்த தலை, நெற்றியில் குங்குமம், காலில் பூட்ஸ். யாரோ வற்புறுத்தித் தலையில் மல்லிகைப்பூ வேறு வைத்துவிட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு பெண்ணை அவர்கள் ஊருக்கு அழைத்துப்போய், தங்கள் பெண்களோடு ஆடவைத்துப் பார்த்து, தேறினால் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். அது யார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் முடிவாக வேண்டும். என் மகள் கல்லூரியில் முதல் வருஷம். பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவள். அவள் காலை விட்டால் ஆம்பளைப் பசங்களே பந்தைப் பறிகொடுத்துவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அதனால் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தெம்பாகத்தான் வந்திருந்தேன்.

முன்னால் ஆடுகிற பெண்கள் கோல் அடித்துக் காட்டி முடித்தார்கள். இவள் முறை வந்ததும் அந்த அம்மாளே பந்தைக் காலில் வாங்கிக்கொண்டு, என்னிடமிருந்து எடு என்று சைகை காட்டினார். நான் இதை எதிர்பார்க்கவில்லை.

இவள் பாய்ந்து போனாள். காலை நீட்டினாள். கடைசி நொடியில் இழுத்துக்கொண்டாள். அவர் சாவகாசமாகத் தாண்டிப் போய் கோல் அடித்தார். அடுத்த தடவையும் அதே கதை.

எங்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற தம்பி என்னிடம் ஓடிவந்தார். "இன்னாக்கா இது? பயந்துக்கினு கீறாளா?"

பயமா, இவளுக்கா? எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரியவர்கள் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்று நடை பழகும்போதே தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தவள் நான். பூவும் பொட்டுமாக நிற்கிறவரை அவள் எப்படி உதைப்பாள்?

அந்த அம்மாள் ஒரு விரலைக் காட்டினார். கடைசித் தடவை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கோட்டைத் தாண்டிப் போய்க் கத்தினேன். "ஏய்! கால வுட்டு எடுடீ! பாவம் வந்தா எனக்கு வரட்டும்!"

விட்டாள். பந்து ஒரு பக்கம், அந்த அம்மாள் ஒரு பக்கம். புழுதியில் மல்லாந்து கிடந்தார். என் மகள் பந்தை மறந்து அவர் முழங்காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பந்து உருண்டு வெளியே போயிற்று. போச்சு என்று வாய்விட்டே சொன்னேன்.

தம்பி ஓடிப்போய் அரைகுறை இங்கிலீஷில் காரணத்தைச் சொன்னார். அவர் உட்கார்ந்தபடியே கேட்டார். பிறகு எழுந்து, தலையிலிருந்த பூவை உருவித் தம்பி கையில் கொடுத்தார். குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தார். பூவையும் பொட்டையும் அப்படியா எடுப்பது என்று எனக்குப் பதறியது. "அகெய்ன்" என்றார்.

இந்தத் தடவை என் மகள் சுத்தமாகப் பறித்தாள். அவர் தடுமாறிக் கையை ஊன்றினார். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தோடு போய்க்கொண்டே இருந்தாள்.

"பாஸ்போர்ட் இருக்குதான்னு கேக்குறாங்கக்கா" என்றார் தம்பி, பல்லெல்லாம் தெரிய.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அழுகையும் வந்தது. நான் இல்லாத ஊரில் இவள் இனி இப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். காலை விடச் சொல்லிக் கத்தியவளும் நான்தான். இருக்குது என்றேன்.