கடல் போத்தலுக்கு ஒரு கிள்ளு உரம்

பதுளையில் கடல் கிடையாது. இருந்தும் என் பிழைப்பு கடலோடுதான். கண்ணுக்குத் தெரியாத கடல் மிதவைத் தாவரங்களை ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் போத்தல்களில் வளர்ப்பேன். சாக்கடையும் உரமும் கலந்த கரையோரத் தண்ணீரில் அவற்றை விட்டு, என்ன பாடு படுகின்றன என்று பார்ப்பேன். கஷ்டம் வந்தால் சிலது நீந்துவதையே விட்டுவிடும். அடியில் போய் ஒட்டிக்கொண்டு தடித்த தோலைப் போர்த்திக்கொள்ளும். வாடகை அறையில் நானும் அப்படித்தான் கிடந்தேன். வேலை முடிந்து வந்தால் பேச ஒரு நாதி இல்லை.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா தனி. அப்பா தவறிய பிறகும் லயத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாதம் ஒருமுறைதான் போவேன். அப்படிப் போனபோது, என் வேலையைக் காட்டலாமே என்று ஒரு போத்தலைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தேன்.

"இந்தப் பச்சத் தண்ணிக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று அம்மா சிரித்தாள்.

"சும்மா காலையில, அந்தியில ஆட்டிவிடுங்கம்மா. போதும்."

அடுத்த வாரமே பேய்மழை. பல நாள் கரண்ட் இல்லை. ஆய்வுகூடத்தில் விளக்கும் குளிரூட்டியும் நின்று, நான் வளர்த்தவையெல்லாம் வெளுத்துச் செத்தன. மாதக்கணக்கான உழைப்பு! உயிரோடு மிச்சம் இருந்தால் அது அம்மாவிடம் இருக்கும் போத்தல்தான். சுத்தமான கடல்தண்ணீரை ஒரு கேனில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போத்தல் கரும்பச்சையாய்க் கொழகொழவென்றிருந்தது.

"பாத்தியா புள்ள, எப்புடித் தழைச்சிருக்கு! அவரைக்குப் போடுற உரத்துல ஒரு கிள்ளு போட்டேன்."

"ஐயோ, ஒங்கள யாரும்மா போடச் சொன்னது?" கத்தியே விட்டேன். அளவுக்கு மிஞ்சித் தீனி கிடைத்தால் இவை பெருகும், ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று மறைக்கும், பிறகு மொத்தமாய்ச் செத்து அழுகும், கடலில் அப்படி நடந்தால் மூச்சுக்குக் காற்றில்லாமல் மீனும் சாகும் என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினேன். பேசிக்கொண்டே அதில் கொஞ்சத்தைப் புதுத் தண்ணீரில் ஊற்றினேன். நல்லவேளை, இன்னும் அழுக ஆரம்பிக்கவில்லை. பிழைத்துவிடும்.

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குப் பசிக்கும்னுதான் புள்ள போட்டேன். இந்த வீட்டுல வேற யாருக்கு நான் போட்டுக்குடுக்க?"

கேனை மூடி ஓரமாய் வைத்தேன். கீழே ரோட்டில் பதுளைக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்குப் பசிக்குதும்மா," என்றேன்.

அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.