தொட்டிக்குள் போன எலுமிச்சம்பழங்கள்

எங்கள் மந்தைவெளி அடுக்குமாடியின் பின்பக்கம், வாட்ச்மேன் அறையை ஒட்டி ஒரு கறுப்புத் தொட்டி இருக்கிறது. எல்லா வீட்டுச் சமையல் கழிவும் அதில் விழுந்து, காற்றுப் படாமல் மக்கி, எரிவாயுவாகி வாட்ச்மேன் மனைவியின் அடுப்புக்குப் போகும். சிலிண்டர் இல்லாத அந்த வீட்டில் சமையல் முழுக்க அதில்தான். தொட்டி வைக்கச் சொன்னவன் நான். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மிதப்பு இன்னும் உண்டு.

போன ஆயுதபூஜையன்று வண்டிகளெல்லாம் எலுமிச்சம்பழங்களை நசுக்கி நகர்ந்தபின் வாசல் முழுக்கச் சக்கை. வீணாவானேன் என்று நானே கூட்டி அள்ளி, வாளி வாளியாகத் தொட்டியில் கொட்டினேன்.

சில நாளில் அடுப்பு பற்றவில்லை. திறந்தால் புளிப்பு வாடை. மோந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: அமிலம் ஏறி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் படுத்துவிட்டன.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு வேறு விதமாகப் புரிந்தது. "வாட்ச்மேன் ஆத்துல மீன் குடலைக் கொட்டியிருப்பா சார். பட்டினப்பாக்கம் மீனவக் குப்பத்துக்காராளாச்சே. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசித் தொட்டியை எடுத்துடலாம்."

வாட்ச்மேன் மனைவி என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணியும் போடல. நீயே சொல்லு சாரு."

"பார்க்கலாம்" என்றேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அந்த வாரம் முழுக்க அவள் பக்கெட் அடுப்பில் சுள்ளி வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் மாடியிலிருந்து இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும், எழுந்து சொல்லிவிட்டேன். கொட்டியது நான், வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

"கெமிஸ்ட்ரி படிச்சுட்டு எலுமிச்சம்பழத்தைப் போடுவாளா சார்?" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது. தொட்டி தப்பியது.

பரிகாரமும் என்னுடையதுதான். கழிவு போடுவதை நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, புது நுண்ணுயிர்களுக்காக மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணி வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னா சார், கிரகப்பிரவேசமா?" என்றார் ஓட்டுநர். "ஆமாம், குடியிருந்தவங்களைக் கொன்னுட்டேன். புதுசா குடி வைக்கணும்" என்றேன். அதன்பின் வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து நீலச் சுடர் வந்தது. அன்று அந்த வீட்டு வஞ்சிர வறுவல் வாசனை மூன்றாம் மாடிவரை ஏறியது. செயலாளர் சன்னலைச் சாத்தவில்லை.

மறுநாள் எனக்குப் பாலில்லாத டீ போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். பிழிந்த தோலை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்த உன் வூட்டுக்கே எடுத்துக்கினு போ சாரு."