முட்டை வண்டிமேல் ஒரு தட்டான்

2023 அக்டோபர் 15, ஞாயிறு. சேலத்தில் லாரி சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கும் நிகத்துக்குக் கடை விடுமுறை. காலையிலேயே எருமப்பட்டி தாண்டி, கொல்லிமலைக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைக்கு வந்துவிட்டாள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தாள். உட்கார முடியவில்லை.

அடர்காட்டு ஓடைகளில் வாழும் ஒரு தட்டானை இங்கே பலமுறை படம் எடுத்திருக்கிறாள். காற்று தள்ளிக்கொண்டு வந்ததாக இருக்கும் என்று தட்டான் கணக்கெடுப்புக் குழு அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டது. முட்டையிடும் படம் கிடைத்தால்தான் அது இந்த ஓடையிலேயே வாழ்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். மழை வலுத்தால் இந்த வருடம் அவ்வளவுதான்.

கரையோரக் கோயிலில் தமிழரசும் அவன் மனைவி ஸ்ரீதேவியும் புது பிக்கப் வண்டிக்குப் பூசை போட வந்திருந்தார்கள். பூசாரி கற்பூரம் வாங்கப் போயிருந்தார். பன்னிரண்டுக்கு எமகண்டம். தமிழரசு கைபேசியில் மணி பார்த்தபடியே இருந்தான்.

அந்த இனத்துப் பெண் தட்டான் ஒன்று வந்தது. ஓடைமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே வண்டிக்குப் போய், கருநீல பானெட்டை வாலால் தொட்டுத் தொட்டு எடுத்தது. பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டது. வெயிலில் கொதிக்கும் தகரத்தில் முட்டை கருகிவிடும்.

நிகத் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னாள்.

"எலுமிச்சம்பழம் வெச்சாச்சுங்கக்கா. புது வண்டி மொதல்ல முன்னாலதான் உருளோணும்," என்றான் தமிழரசு. "கோழிமுட்டை ஏத்தற வண்டிதானுங்க. அதுவும் நாலு ஏத்திட்டுப் போகட்டும்."

ஸ்ரீதேவியின் கையில் குழைத்த மஞ்சள் கிண்ணம் இருந்தது. பொட்டாக வைக்காமல் பானெட் முழுக்கப் பூச முடியுமா, மினுக்கம் போனால் அது ஓடைக்குத் திரும்பிவிடும் என்று நிகத் கேட்டாள். பெயிண்ட்டில் கறை பிடிக்கும் என்று தமிழரசு முனகினான்.

"முட்டை ஏவாரம் பண்ணிக்கிட்டு முட்டையக் கருக உடறதாக்கும்?" என்ற ஸ்ரீதேவி, இரண்டு கையாலும் வழித்துப் பூசினாள்.

மஞ்சள் காயக் காயப் பளபளப்பு மங்கியது. தட்டான் இரண்டு முறை தாழ்ந்து வந்து பார்த்தது. பிறகு விலகி, பாறையிடுக்கில் சுழித்த தண்ணீரைத் தொட்டது. மறுபடியும் தொட்டது. நிகத் முழங்காலளவு நீரில் நின்று படமெடுத்தாள். அவள் கரையேறுவதற்குள் பூசாரி வந்து பூசையை முடிக்க, வண்டியும் சக்கரத்தடிப் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

படம் அன்றே குழுவுக்குப் போனது. அடுத்த மாதம் அவர்கள் இந்த ஓடையில் கற்களைப் புரட்டி, தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சுகளைத் தேட வருகிறார்கள்.